அத்தை கேட்பது ஒன்று, நான் கேட்பது ஒன்று

மலேசியாவில் ஏதோ ஒரு சுண்ணாம்புக் குன்றுக் காட்டில் புதிய மல்லிகை இனம் என்று யாராவது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் அத்தை கேட்டுவிடுவார்: "வாசம் இருக்குமாம்மா?"

பூச்சரம் இல்லாமல் கோவிலுக்குப் போகாதவர், அப்படித்தான் கேட்பார். ஆனால் உலகத்தில் மல்லிப் பேரினத்தில் மட்டும் சுமார் 200 இனங்கள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்தது குண்டுமல்லி, முல்லை, பிச்சி, அவ்வளவுதான். புதிய இனம் என்று உறுதிசெய்ய வாசம் மட்டும் போதாது. பூக்குழலின் நீளம், இதழ்களின் எண்ணிக்கை, பூவின் அடியில் இருக்கும் புல்லிவட்டத்துப் பற்கள், இலையின் அடிப்பக்கத்து மயிர் என்று ஒவ்வொன்றாக அளந்து, பல பத்தாண்டுகளுக்கு முன்பே அழுத்திக் காயவைத்த மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். கோலாலம்பூர் பக்கத்துக் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் அப்படிப்பட்ட மாதிரிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வாடிய மல்லியை நாம் மறுநாளே குப்பையில் போட்டுவிடுகிறோம், அங்கே பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள்!

சரி, என் கேள்வி வேறு. எந்தக் குன்று? அதில் குவாரி வந்தாச்சா?

தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் வெறும் 0.3 விழுக்காடு. அங்கே வளரும் தாவர இனங்களோ 1,200க்கு மேல். மண் என்று சொல்லிக்கொள்ள ஒரு கைப்பிடி தேறாது, பெய்த மழையும் விரிசல் வழியே இறங்கிவிடும். அதில் பிழைக்கப் பழகிய செடிகளில் பல கீழே சமவெளியில் இறங்குவதில்லை. அதனால் ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு மாதிரி. பகாங்கில் புக்கிட் பஞ்சிங்கை வெட்டியே தீர்த்தார்கள், அங்கே மட்டும் இருந்த ஒரு குட்டி நத்தை இனமும் அதோடு போனது. ஒரு குன்றில் மட்டும் இருக்கும் மல்லிக்கும் அதே கதிதான். சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் சிமெண்டு வருகிறது, என் வீடும் சிமெண்டு வீடுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாக் குன்றையும் ஒரே கணக்கில் வைத்து உடைக்கலாமா?

பத்துமலையும் சுண்ணாம்புக் குன்றுதான். போன தைப்பூசத்தில் 272 படியில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றேன். பக்கத்துப் பாறை விரிசலில் ஒரு கொடி, எதிரெதிராக இலைகள். பூ இல்லை, மல்லியா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. போனை எடுப்பதற்குள் பின்னால் பால்குடத்தோடு வந்தவர், "அக்கா, கொஞ்சம் ஏறுங்க" என்றார்.

ஏறிவிட்டேன்.