எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி இல்லை

கால் ஏலாதவையையும் வயசு போனவையையும் பழைய கப்பல் பாக்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ எண்டு எழுதியிருக்கிறியள் அண்ணை, அது எல்லாக் கப்பலுக்கும் சரிவராது. நாங்கள் கிளிநொச்சியில இருந்து லண்டனுக்கு மகளிட்டப் போனநேரம் செயற்கைக்கால் போட்ட மாமாவையும் பொல்லோட நடக்கிற அம்மாவையும் கிரீனிச்சில நிக்கிற கட்டி சார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். 1869ல கட்டின தேயிலைக் கப்பல், 2007ல எரிஞ்சு திருத்தி 2012ல திரும்பத் திறந்தது, உள்ள லிஃப்ட் இருக்கு, கப்பலையே தூக்கி நிப்பாட்டியிருக்கினம் அதால அடிப்பக்கத்துக்குக் கீழயும் நடந்து பாக்கலாம், அம்மா அங்க கனநேரம் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டவ. சக்கர நாற்காலி எண்டா ஒரே நேரத்தில கொஞ்சப்பேரைத்தான் விடுவினம், முதலே கேட்டு வையுங்கோ.

ஆனா லண்டனிலயே நிக்கிற எச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் வேற கதை. அது போர்க்கப்பல், ஒன்பது தட்டு, கனக்க இடத்துக்குச் செங்குத்து ஏணிதான். செயற்கைக்கால்காரருக்கு ஏறுறதை விட இறங்குறதுதான் கஷ்டம், பாதம் படியில சரியா வைச்சதோ எண்டு காலுக்குத் தெரியாது, குனிஞ்சு பாத்து வைக்கோணும், படியும் ஒடுக்கம். மாமா மேல்தட்டில பீரங்கியைப் பாத்ததோட நிண்டிட்டார், கீழ போகவேண்டாம் எண்டு நாங்களும் சொல்லிப்போட்டம்.

இஞ்ச முல்லைத்தீவுக் கரையில ஃபாரா 3 எண்ட சரக்குக் கப்பல் தரைதட்டிக் கிடந்த காலத்தில சனம் எல்லாம் போய்ப் பாத்தது, மாமாவுக்கு அந்த மணலுக்கால ஊன்றுகோலோட போக ஏலேல்ல. வன்னியில கால் இழந்தவை எத்தினை பேர், அவைக்கும் பாக்க ஆசை இருக்கு, தயவுசெய்து எந்தக் கப்பலில லிஃப்ட், எதில ஏணி எண்டு விபரமா எழுதுங்கோ.