டிமெசேஜ் மட்டும் பாத்தா பத்தாது சார்
லினக்ஸ் லேப்டாப் சஸ்பெண்ட் ஆயி (அதான், தூங்கப் போயி) எழுந்துக்கலன்னா டிமெசேஜ் (dmesg, கர்னல்ன்ற லினக்ஸோட மையப் பகுதி எழுதற லாக்) பாருங்கன்னு எழுதிக்கிறீங்க, கரெக்டுதான், ஆனா அந்த லாக் ரேம்லதான சார் இருக்கு, பட்டன அமுக்கி ஆஃப் பண்ணா அதுவும் பூடும், அப்பால எத்த பாக்கறது? மொதல்ல பிஎம் டெஸ்ட்ல (pm_test, தூங்கப் போறத படிப்படியா சோதிக்கற செட்டிங்) ஃப்ரீசர் (ஓடற புரோகிராம நிறுத்தறது), டிவைசஸ் (டிவைஸ தூங்க வைக்கிறது)னு ஒன்னொன்னா போட்டு பாருங்க, 5 செகண்ட் நின்னு தானா திரும்பி வரும், எதுல மாட்டுதுன்னு தெரிஞ்சிடும். அதுலயும் எதுன்னு மாட்டலன்னா பிஎம் ட்ரேஸ்ல (pm_trace, எது வரிக்கும் போச்சுன்னு தடம் வெக்கற செட்டிங்) 1 போட்டு தூங்க வைங்க. எந்த டிவைஸ் வரிக்கும் வந்துச்சுன்னு கர்னல் ஒரு ஹேஷா (அடையாள நம்பரா) மதர்போர்டுல இருக்கற ஆர்டிசி கடிகாரத்துலயே எழுதி வெச்சிடும், ரீபூட்டுக்கும் அழியாத எடம்ல அது. தொங்கிச்சுன்னா 3 நிமிஷத்துக்குள்ள ரீபூட் பண்ணிடணும், லேட்டானா கடிகாரம் ஓடி நம்பர் மாறிடும். ரீபூட் ஆனதும் புது டிமெசேஜ்ல ஹேஷ் மேட்சஸ்னு (hash matches) தேடுங்க.

ஒன்னே ஒன்னு, கடிகாரத்துல எழுதறதால தேதி தாறுமாறா ஆயிடும், தேதி தப்பா இருந்தா பிரவுசர் சைட்ட நம்பாது. எனக்கு அது தெரியாம பிரவுசர்ல ஒரு சைட்டும் தொறக்கல, தண்டையார்பேட்டைல மறுபடியும் எவனோ ரோட்ட தோண்டி கேபிள அறுத்துட்டான்னு அரை நாள் திட்டினு இருந்தேன் (தோண்டாத நாள் ஏது இங்க). லேப்டாப் எழுந்துக்காததுக்கு காரணம் கடைசில பாத்தா வைஃபை டிரைவர், இப்ப அத கழட்டிட்டு தூங்க வெச்சா ஜம்முனு எழுந்துக்குது.