கண்ணாடி மட்டும் படத்தைக் காப்பாற்றாது

"கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டால் தாத்தா, பாட்டி படத்தை எந்தச் சுவரிலும் மாட்டலாம், மங்காது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே வண்ணப் படத்தின் சாயத்தை வெளுக்கச் செய்துவிடும். வெள்ளித் துகள்களால் உருவான கறுப்பு வெள்ளைப் படங்கள் அதைவிட நன்றாகத் தாங்கும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின் என்ற பசை போன்ற மெல்லிய படலம். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தெடுத்தால் முகமே உரிந்து வந்துவிடும், அதை மீட்பது மிகக் கடினம். ஆகவே சட்டம் போடுபவரிடம் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால், ஸ்கேன் செய்து நகலை மாட்டுங்கள். மூலப் படம் ஈரமில்லாத பெட்டியில் இருக்கட்டும்.