அந்தக் கடிகாரம் சீனியை அளக்காது

"ஊசி குத்தாமலே சீனி பார்க்கும் கைக்கடிகாரம் வந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு வாங்கி அனுப்புங்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் தவறு.

தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சீனியை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. சில கடிகாரங்களில் சீனி அளவு தெரிவது உண்மை. ஆனால் அது உடம்பில் ஒட்டிய சென்சரிலிருந்து வருவது. அதன் மெல்லிய இழை தோலுக்குள்ளே இருக்கும். அதுகூட இரத்த அளவைவிடச் சில நிமிடம் பிந்தித்தான் காட்டும்.

கொக்குவிலில் இருக்கும் என் அம்மாவுக்கும் ஊசியோ சென்சரோ இல்லாத அப்படி ஒரு கடிகாரம் வந்தது. ஒருநாள் விடியப்புறம் வியர்த்து, கை நடுங்கியது. கடிகாரம் 118 mg/dL என்றது. விரலில் குத்திப் பார்த்தால் 58! உடனே சீனி கரைத்துக் கொடுத்தோம். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. இன்சுலின் போடும் முதியவர்களுக்கு 70க்குக் கீழே இறங்குவது அவ்வளவு ஆபத்து.

அனுப்புவதென்றால் எழுத்துப் பெரிதாகத் தெரியும் குளுக்கோமீற்றரும் (விரலில் குத்திச் சீனி பார்க்கும் கருவி) அதற்குரிய, இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்பும் அனுப்புங்கள். ஸ்ட்ரிப்பின் காலாவதித் திகதியையும் பாருங்கள். அளவை வைபரில் படமெடுத்து அனுப்ப அம்மாவே பழகிவிட்டார்.