செம்பாக்கத்துப் பெரியவரும் எங்கள் ஏரியும்

சென்னைக்குத் தெற்கே சிட்லபாக்கத்தில் வீடு கட்டி வந்த புதிதில், காய்கறி வாங்கக் கிளம்பும்போது அம்மா "தாம்பரம் போயிட்டு வந்துடறேன்" என்பார். ரயில்பாதையைத் தாண்டினால் தாம்பரம்தான், ஆனாலும் அது வேறு ஊர். எதிர்வீட்டுப் பாட்டிக்குச் செம்பாக்கம்கூட அசலூர். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால் அதைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வரும்.

இன்று இந்த மூன்றும் ஒரே ஊர். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், எங்கள் சிட்லபாக்கம் உட்பட 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது.

காகிதத்தில் சேர்ந்தது அப்போதுதான். மண்ணில் ஒட்டத் தொடங்கி 90 வருடம் ஆகிவிட்டது. 1928இல் காசநோய் சானடோரியம் வந்தது. 1931இல் சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிபெயர்ந்தது. அப்புறம் விமானப்படை, ஏற்றுமதி வளாகம். ரயிலை நம்பி மனை வாங்கியவர்கள் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போனார்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் கிடந்த வயல் மனைப்பிரிவானது. ஏரிக்கரையில் தெரு முளைத்தது.

ஒன்றாக்கியதை நான் மனதார வரவேற்கிறேன். வரி ஏறும், அலுவலகம் தள்ளிப் போகும் என்று பலர் பயந்தார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பேரூராட்சி காலத்தில் ஒரு புகார் என்றால் பத்து நிமிடம் நடந்துபோய் நேரில் சொல்லிவிடலாம். அந்த நெருக்கம் போனது நஷ்டம்தான். ஆனால் எனக்குத் தண்ணீர் பெரிய காரணம்.

எங்கள் ஏரி நிரம்பினால், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வழியாகச் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். ஒரு ஏரியின் மிச்சம் அடுத்த ஏரியின் வரத்து. விவசாயம் செய்தவர்களுக்கு இந்த ஊர்கள் எல்லாம் அப்போதே ஒரே குடும்பம். நாம்தான் எல்லை போட்டு, "இந்தக் கால்வாய் உன்னுது, அது என்னுது" என்று பிரித்தோம். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டின் இரண்டாவது படி வரை வந்தது ஏரித் தண்ணீர் இல்லை. போக வழி கிடைக்காமல் சாக்கடையோடு கலந்து திரும்பி வந்த தண்ணீர். அந்த வாடை போக ஒரு மாதம் ஆனது.

சரி, இப்போது பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2021 இணைப்பில் நன்மங்கலம் சேரவில்லை, அது ஊராட்சியாகவே இருந்தது. பள்ளிக்கரணையோ 2011லேயே சென்னை மாநகராட்சிக்குப் போய்விட்டது. முடிச்சூர், 2015 வெள்ளத்தில் படகு விட்ட ஊர், அதுவும் இதில் சேரவில்லை. ஊர்களைச் சேர்க்கும்போது வரைபடத்தில் வீடுகளை எண்ணுகிறோம், சாலையைப் பார்க்கிறோம். ஏரிச் சங்கிலியையும் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும். அது முடியாதென்றால், மழைக்கு முன்னால் எங்கள் கலங்கலில் இருந்து சதுப்பு நிலம் வரை கால்வாயோடு கூடவே நடந்து பார்க்க எல்லா நிர்வாகங்களுக்கும் பொதுவாக ஒரு குழுவாவது வேண்டும். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

2019 கோடையில் எங்கள் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தபோது ஜனங்களே மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நானும் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் எங்களோடு பிளாஸ்டிக் குப்பையை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். எந்தத் தெரு என்று கேட்டேன். செம்பாக்கம் என்றார். அங்கிருந்து இங்கே வந்து வேலை செய்கிறீர்களே ஐயா என்றேன். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கலங்கல் பக்கம் கையைக் காட்டினார்.

"இங்க ரொம்பினாத்தானே தம்பி எங்களுக்கு வரும்."