ஜூன் 25: எந்த ஊர் ஜூன் 25?

ஜூன் 25 விடிந்ததும் ‘வரலாற்றில் இன்று’ அட்டைகள் வரிசைகட்டி வந்துவிடும். கபில்தேவ் கையில் கோப்பை, பக்கத்தில் மைக்கேல் ஜாக்சன், கீழே நெருக்கடி நிலை, ஓரத்தில் ஜார்ஜ் ஆர்வெல். நான்கும் சரியான தேதிகள்தான். நான்கையும் ஒரே அச்சில் வார்ப்பதுதான் கோளாறு. ஒன்று ஆட்டம் முடிந்த நாள். ஒன்று கையெழுத்தான நாள். ஊருக்குத் தெரிந்தது மறுநாள். இன்னொன்று இந்தியக் கடிகாரத்தில் ஜூன் 26. வெறும் தேதி பாதித் தகவல்தான். எந்த ஊர் நேரம், எந்த நாட்காட்டி, நிகழ்ச்சியின் எந்தக் கட்டம் என்ற மூன்றும் கூட வந்தால்தான் அது முழுத் தகவல். இந்த மூன்றையும் பார்க்காமல் ஒரு நாளுக்கு நாற்பது வரி போடுவதைவிட, பார்த்து ஏழு வரி போடுவது மேல் என்பது என் கட்சி.

முதலில் ஊர் நேரம். மைக்கேல் ஜாக்சன் இறந்ததாக மருத்துவர்கள் அறிவித்தது 2009 ஜூன் 25, லாஸ் ஏஞ்சலஸ் நேரப்படி பிற்பகல் 2.26. அப்போது இந்தியாவில் 26ஆம் தேதி அதிகாலை 2.56. அதனால்தான் ‘நான் 26ஆம் தேதி காலையில்தானே செய்தி பார்த்தேன், நீங்கள் 25 என்கிறீர்களே’ என்று ஆண்டுதோறும் யாராவது சண்டைக்கு வருகிறார்கள். அவர் பார்த்ததும் சரி, அட்டையும் சரி. நடந்த இடத்தின் உள்ளூர் நேரம்தான் தேதிக்குக் கணக்கு. செய்தி நம்மை வந்தடைந்த நேரம் கணக்கில்லை.

கொரியப் போரும் இதே நாள்தான்: 1950 ஜூன் 25, ஞாயிறு விடியற்காலை, வட கொரியப் படை இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது அட்சக்கோட்டைத் தாண்டியது. வாஷிங்டனில் அப்போது சனிக்கிழமை பிற்பகல், ஜூன் 24. மிசௌரியில் இருந்த அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குத் தொலைபேசி போனது அந்தச் சனி இரவு. எனவே அமெரிக்கக் குறிப்புகளை வைத்து எழுதுபவர் 24 என்று போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. தென் கொரியாவிலோ அந்தப் போரை ‘ஆறு-இரண்டு-ஐந்து’ என்று தேதியை வைத்தே சொல்கிறார்கள். போர் நடந்த மண்ணின் தேதிக்குத்தான் முதல் உரிமை.

இந்த விதி கைவிடும் ஓர் இடமும் உண்டு. நிலவுக்கு உள்ளூர் நேரம் கிடையாது. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தது உலகப் பொது நேரப்படி 1969 ஜூலை 21, 2.56, ஹூஸ்டனில் ஜூலை 20 இரவு, இந்தியாவில் 21 காலை 8.26. இப்படிப்பட்ட இடத்தில் ‘அமெரிக்க நேரப்படி’ என்ற இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால் வரி அந்தரத்தில் நிற்கும்.

அடுத்தது கட்டம். அறிவித்தது, கையெழுத்திட்டது, நடைமுறைக்கு வந்தது, ஊருக்குத் தெரிந்தது என்று ஒரே நிகழ்ச்சிக்கு நான்கு தேதிகள்கூட இருக்கலாம். நெருக்கடி நிலையையே பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 352ஆம் பிரிவின் கீழான பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டது 1975 ஜூன் 25, நள்ளிரவுக்குச் சற்று முன். அமைச்சரவை கூடி ஒப்புதல் கொடுத்தது 26ஆம் தேதி விடிகாலையில். இந்திரா காந்தி வானொலியில் பேசியதும் அன்று காலைதான். ஆக, ‘ஜூன் 25 அன்று இந்திரா காந்தி நாட்டுக்கு அறிவித்தார்’ என்று எழுதினால் தப்பு. ‘ஜூன் 25 இரவு பிரகடனம் கையெழுத்தானது’ என்று எழுதினால் சரி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். தப்பான வாக்கியத்தை எழுத என்ன அவசியம்?

1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிவதாக அறிவித்தன. பிறகு பிரியோனி உடன்படிக்கைப்படி அந்த அறிவிப்பு மூன்று மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. குரோவேஷிய நாடாளுமன்றம் உறவை முற்றிலும் துண்டித்தது அக்டோபர் 8. இங்கே ‘விடுதலை பெற்றன’ என்று எழுதக்கூடாது, ‘விடுதலையை அறிவித்தன’ என்றுதான் எழுத வேண்டும். அதே தேதியில் 1975இல் மொசாம்பிக் போர்ச்சுகலிடமிருந்து பெற்றது மெய்யாகவே விடுதலை. அதற்கு ‘பெற்றது’ பொருந்தும். வினைச்சொல் ஒன்றை மாற்றினால் போதும், வரி நிமிர்ந்துவிடும்.

நள்ளிரவைத் தாண்டிய மரணங்கள் தனித் தலைவலி. பாரதியார் மறைவு செப்டம்பர் 11ஆ 12ஆ என்ற வழக்கு நமக்குத் தெரிந்ததுதான். உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து. ஆங்கில நாட்காட்டிப்படி 1921 செப்டம்பர் 12. விடிந்தால்தான் மறுநாள் என்று எண்ணுபவர்களுக்கு அது இன்னும் 11ஆம் தேதி இரவு. ‘செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து’ என்று எழுதினால் இரு தரப்புக்கும் விஷயம் புரிந்துவிடும்.

நாட்காட்டிக்கு வருவோம். ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கலாஸ் பிறந்தது பழைய ஜூலியன் கணக்கில் 1796 ஜூன் 25. இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் கணக்கில் அது ஜூலை 6. ரஷ்யா 1918இல்தான் மாறியது. அங்கே ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. இங்கே பலர் சறுக்குவது எப்படியென்றால், இரண்டு நாட்காட்டிக்கும் வித்தியாசம் 13 நாள் என்று ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா நூற்றாண்டுக்கும் அதையே கூட்டிவிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 11, 19ஆம் நூற்றாண்டில் 12, 20ஆம் நூற்றாண்டு முதல்தான் 13. நூற்றாண்டின் கடைசி ஆண்டு 400ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் கிரெகோரியனில் அதற்கு லீப் நாள் இல்லை, ஜூலியனில் உண்டு. அதனால் அங்கெல்லாம் இடைவெளி ஒரு நாள் கூடும். 1796க்கு 13ஐக் கூட்டினால் ஜூலை 8 என்று தப்பாக வரும். இது அட்டை போடுபவர்கள் மட்டும் செய்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். நெப்போலியன் படையை ரஷ்யா எதிர்கொண்ட போரோடினோ போர் நடந்தது ஜூலியன் 1812 ஆகஸ்ட் 26. 12ஐக் கூட்டினால் செப்டம்பர் 7. ரஷ்யச் சட்டப்படி அதன் நினைவு நாள் செப்டம்பர் 8. ஓர் அரசே 13ஐக் கூட்டிவிட்டது.

ஆனால் எல்லாப் பழைய தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. இத்தாலியப் பெண் அறிஞர் எலெனா கோர்னாரோ பிஸ்கோபியா பதுவா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றது 1678 ஜூன் 25. இத்தாலியில் 1582லேயே கிரெகோரியன் வந்துவிட்டதால் அந்தத் தேதியைத் தொட வேண்டியதில்லை. அதே 1678இல் இங்கிலாந்துத் தேதி என்றால் 10 நாள் கூட்ட வேண்டும். அவர்கள் மாறியது 1752 செப்டம்பரில்.

இனி விளையாட்டு. ஜூன் 25க்கு இந்தியக் கிரிக்கெட்டில் இரட்டைப் பொருத்தம். 1932 ஜூன் 25 அன்று சி.கே. நாயுடு தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடத் தொடங்கியது லார்ட்ஸில். 51 ஆண்டு கழித்து அதே தேதியில், அதே மைதானத்தில் உலகக் கோப்பை. இரண்டு நாளுமே சனிக்கிழமை. இதைச் சரிபார்க்கப் பழைய நாட்காட்டி தேவையில்லை, விரல் போதும். சாதாரண ஆண்டு ஒவ்வொன்றுக்கும் கிழமை ஒன்று நகரும், இடையில் வரும் பிப்ரவரி 29 ஒவ்வொன்றுக்கும் இன்னொன்று. 51 ஆண்டுக்கு 51; 1936 முதல் 1980 வரை லீப் ஆண்டுகள் 12; கூட்டினால் 63. ஏழால் மீதியின்றி வகுபடுகிறது, கிழமை மாறவில்லை. சந்தேகத் தேதி எதுவானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை நடந்தது’ என்று பழைய செய்தி சொல்லி, கணக்கில் செவ்வாய் வந்தால் தேதி எங்கோ தப்பு.

1932 டெஸ்ட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பல நாள் ஆட்டத்துக்கு எந்தத் தேதி? ஜூன் 25 தொடங்கியது, 26 ஞாயிறு ஓய்வு, 27, 28 ஆடி முடிந்தது. முகமது நிஸார் முதல் இன்னிங்ஸில் 93 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்து 158 ரன்னில் வென்றது. ‘ஜூன் 25 அன்று இந்தியா முதல் டெஸ்ட்டில் தோற்றது’ என்று எழுதுபவர் முதல் நாளிலேயே ஆட்டத்தை முடித்துவிடுகிறார். தொடக்கத்துக்கு 25, முடிவுக்கு 28.

1983 இறுதிப் போட்டி பற்றிய அட்டைகளில் வழக்கமாக வரும் தப்புகள் மூன்று. கபிலின் 175 ரன்னை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது ஒன்று. அது ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக. ஆட்ட நாயகன் கபில் என்பது இரண்டு. அந்த விருது 26 ரன் அடித்து, 7 ஓவரில் 12 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்த மொஹிந்தர் அமர்நாத்துக்குப் போனது. 50 ஓவர் என்பது மூன்று. அது 60 ஓவர் ஆட்டம். இந்தியா 54.4 ஓவரில் 183, மேற்கிந்தியத் தீவுகள் 52 ஓவரில் 140. அதிக ரன் எடுத்தவர் ஸ்ரீகாந்த், 38. இவ்வளவு சின்ன எண் ஒரு இறுதிப் போட்டியின் உச்ச ஸ்கோர் என்பதை நம்ப முடியாமல் சிலர் தாமாகவே கூட்டிவிடுகிறார்கள்.

கால்பந்தில் 1978 ஜூன் 25: அர்ஜென்டினா முதல் முறையாக உலகக் கோப்பை வென்ற நாள். நெதர்லாந்துக்கு எதிராக 3-1. 90 நிமிடத்தில் 1-1தான், மீதி இரண்டு கோல் கூடுதல் நேரத்தில் வந்தவை. எல்லா அட்டையிலும் இது இருக்கும். 1982 ஜூன் 25 மட்டும் பெரும்பாலும் இருக்காது. யாரும் கோப்பை தூக்கவில்லை என்பதால். எனக்கு இந்த நாளின் ஆகப் பெரிய விளையாட்டுச் செய்தி அதுதான்.

ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. முதல் ஆட்டத்தில் ஜெர்மனியை 2-1 என்று சாய்த்திருந்த அல்ஜீரியா, முந்தின நாளே சிலியை 3-2 என்று வென்று தன் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டது. அதனால் களமிறங்கும்போதே இரு அணிக்கும் கணக்கு கையில் இருந்தது: ஜெர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவருமே அடுத்த சுற்று. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் ஒரு கோல் போட்டார். அதன்பின் எண்பது நிமிடத்துக்குப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று அணிக்கும் தலா 4 புள்ளி; கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி +3, ஆஸ்திரியா +2, அல்ஜீரியா 0. அல்ஜீரியா வீட்டுக்கு. விதி எதையும் மீறவில்லை என்பதால் தண்டனையும் இல்லை. 1986 முதல் உலகக் கோப்பையில் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குவதற்குக் காரணம் அந்த எண்பது நிமிடம்தான். கோப்பை வென்ற நாள் அந்த நாட்டுக்கு மட்டும். விதி மாறிய நாள் எல்லோருக்கும்.

2006 ஜூன் 25இல் நியூரம்பெர்க்கில் போர்ச்சுகல்-நெதர்லாந்து ஆட்டத்தில் 16 மஞ்சள், 4 சிவப்பு அட்டைகள். சுவாரசியம், ஒரு வரி போதும்.

பிறந்தநாள் பட்டியலில் நீளம்தான் நோய். ஆர்வெல் (1903, மோதிஹாரி), மவுண்ட்பேட்டன் (1900), வி.பி. சிங் (1931), கட்டடக் கலைஞர் கௌடி (1852), இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் சுசேதா கிருபளானி (1908). ஐந்து பேர் தாராளம். ஆண்டோடு பிறந்த இடமோ செய்த வேலையோ ஒரு சொல்லில் இருந்தால் போதும். பழைய ஆள் என்றால், கையில் இருப்பது பிறந்த தேதியா ஞானஸ்நானத் தேதியா என்று பாருங்கள். பீத்தோவனுக்கு உறுதியாகத் தெரிவது 1770 டிசம்பர் 17 என்ற ஞானஸ்நானத் தேதி மட்டுமே.

‘முதல்’ என்ற சொல்லைத் தொடும்போது கை கொஞ்சம் நடுங்குவது நல்லது. ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதம் என்று 2010 பிப்ரவரி 24, குவாலியர், சச்சின் என்று இன்றும் போடுகிறார்கள். 1997 டிசம்பர் 16 அன்றே மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரேலிய வீராங்கனை பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 எடுத்துவிட்டார். சச்சினுடையது ஆண்கள் ஆட்டத்தில் முதல். அந்த ஒரு சொல்லைச் சேர்க்க இடமில்லை என்றால் அட்டையில் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.

கடைசியாக ஆண்டுக் கணக்கு. ‘நூற்றாண்டு’ என்று சிலர் தொடக்கத்தைச் சொல்கிறார்கள், சிலர் நிறைவை. இடையில் ஓர் ஆண்டு. கழித்தலில் வருவது நிறைவு: 2032-இல் 1932 போக 100. இந்தியாவின் முதல் டெஸ்ட்டுக்கு நூறாண்டு நிறைவு 2032 ஜூன் 25. 100 ஆண்டுக்கு 100, லீப் நாள் 25, மொத்தம் 125. ஏழால் வகுத்தால் மீதி 6. சனியிலிருந்து ஆறு நகர்ந்தால் வெள்ளி. அன்றைக்கு வரும் அட்டைகளில் எத்தனை பேர் ‘தோற்றது’ என்று போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோற்ற தேதிக்கு நூறாண்டு அடுத்த திங்கட்கிழமைதான்.