டெய்ஸ்கோவுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை

மேலே ஒருவர், "1960களின் டெய்ஸ்கோ டெல் ரே எல்லாம் கிப்சன் வழக்குப் போட்டு நிறுத்திய கிட்டார்கள், அதனால்தான் இந்த விலை" என்று எழுதியிருக்கிறார் (டெய்ஸ்கோ ஒரு பழைய ஜப்பானிய எலெக்ட்ரிக் கிட்டார் பிராண்ட், டெல் ரே அதன் கிட்டார்கள் அமெரிக்காவில் விற்ற பெயர்; கிப்சன் அமெரிக்க கிட்டார் நிறுவனம்). இதை நம்பிக் கூடுதலாகக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

அந்த வழக்கு 1977இல் வந்தது. கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனீஸ் என்ற ஜப்பானிய பிராண்டின் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்கர் நிறுவனத்தின் மீது போட்டது. சண்டை முழு கிட்டாருக்காகவும் இல்லை, ஹெட்ஸ்டாக்கின் (கம்பியை முறுக்கும் திருகுகள் இருக்கும் தலைப்பகுதி) வடிவத்துக்காக. கடைசியில் சமரசமாக முடிந்தது. டெய்ஸ்கோவோ 1967லேயே கவாய் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அப்புறம், நான்கு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பகுதி), ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச், கோடு போட்ட உலோகத் தகடு என்று நிற்கிற ஒன்றை கிப்சன் நகல் என்று யார் சொல்வார்கள்?

விலை ஏறியதற்கு வேறு காரணம் உண்டு. அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோவின் தங்கத்தாள் (கோல்ட் ஃபாயில்) பிக்கப்பை மாட்டிய பிறகு அதைத் தேடி அலைபவர்கள் பெருகிவிட்டார்கள். பிக்கப்பை மட்டும் கழற்றி விற்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள் (பாவம், அந்த உடல்கள்). அதனால் வாங்கும்போது எல்லா பிக்கப்பும் பழையதுதானா என்று திறந்து பாருங்கள். சுவிட்ச் கரகரத்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் (மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்தாலே சரியாகிவிடும். நெக்கைத்தான் (கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதி) கவனிக்க வேண்டும்: கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (நெக்கின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டி) கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். அதிகம் என்றால் நெக் வளைந்திருக்கிறது; பேரம் பேசுங்கள், விலையைக் குறைக்காவிட்டால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.